மேடையில் கேட்ட கேள்வி

அத்தியாயம் 17

"பாத்துட்டீங்க மாமா."

"இல்லையே."

"பாத்தீங்க. கண்ணு கோட்டுப் பைக்குப் போயிட்டு வந்துச்சு. எதிர்லயே நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

லேப் சார் மருமகளிடம் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல எலுமிச்சம்பழத்தை மேசைமேல் வைத்தார். மகன் வீட்டு உணவு மேசை. அதில் மூன்று செம்புக் கிண்ணங்கள் கவிழ்ந்து கிடந்தன. காலை ஏழு மணிக்குத் தொடங்கிய ஒத்திகை, இப்போது ஒன்பதரை. பிற்பகல் மூன்று மணிக்கு, அறுபத்து மூன்று வயதில், அவர் முதல் முறையாக மேடை ஏறப் போகிறார்.

வித்தை சின்னதுதான். மூன்று கிண்ணம், ஒரு சிவப்புப் பந்து. பந்து இந்தக் கிண்ணத்துக்கும் அந்தக் கிண்ணத்துக்குமாக ஓடி விளையாடும். கடைசியில், "பந்து எங்கே?" என்று சபையைக் கேட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கினால், பந்து இருந்த இடத்தில் ஒரு முழு எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருக்கும். கேள்வி கேட்கிற நேரத்தில்தான் பழம் கிண்ணத்துக்குள் போகிறது. இடது கை கோட்டுப் பைக்குப் போய்த் திரும்ப மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியும் செய்கிறவர் நிமிர்ந்து, சபையில் ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தால் சபையும் அந்த முகத்தைப் பார்க்கும். அவர் பையைப் பார்த்தால் சபையும் பையைப் பார்க்கும்.

விரலைக் குறை சொல்ல முடியாது. தலைமுடி கனமுள்ள கண்ணாடிச் சில்லுகளை முப்பத்தாறு வருடம் கையாண்ட விரல்கள் அவை. இரண்டே வாரத்தில் பந்து அவர் பேச்சைக் கேட்டது. கண்தான் கேட்கவில்லை.

இந்த வாரம் புதிதாக நம்மோடு சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பே கதி என்று வாழ்ந்தவர் லேப் சார். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் குனிந்த தலை நிமிரவில்லை. செய்தித்தாள், பழைய ரேடியோவின் வயிறு என்று ஏதாவது ஒன்றின்மேல் கவிழ்ந்தே கிடந்தார். எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் அவர் மனைவி ஒரு பெட்டியோடு வந்து நின்றாள்.

"முப்பத்தி எட்டு வருஷமா 'இங்க பாரு, இங்க பாரு'ன்னுதான் என்னக் கூப்பிட்டீங்க. நீங்க ஒரு நாளாவது இந்தப் பக்கம் பாத்தீங்களா?"

சத்தம் போடவில்லை, அழவில்லை. கேட்டாள், மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் ரேடியோவிலிருந்து தலையைத் தூக்கியபோது வாசல் காலியாக இருந்தது.

மருமகள் பத்தொன்பது வருடமாக மேடையில் மேஜிக் செய்கிறவள். சுவரொட்டியில் முகம் வருகிற அளவுக்குப் பெயர் எடுத்தவள். அவர் ஒரு நாளும் அவளுடைய நிகழ்ச்சிக்குப் போனதில்லை. நாலு மாதத்துக்கு முன், காலி வீட்டில் உட்கார முடியாமல், ஒரு சனிக்கிழமை போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இருட்டில் முன்னால் எங்கோ ஒரு பெண் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், விட்டு விட்டு, பீறிட்டு வருகிற சிரிப்பு. யாரோ மனசு விட்டுச் சிரிக்கிறார்கள், நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தார். விளக்கு வந்ததும் மூன்றாவது வரிசையின் ஓரத்திலிருந்து எழுந்து போனவளை நடையை வைத்துக் கண்டுகொண்டார். அவர் மனைவி.

மறுநாள் காலையில் மருமகள் கதவைத் திறந்தபோது வாசலில் நின்றிருந்தார்.

"எனக்கும் அதக் கத்துக் குடும்மா."

எதை என்று அவள் கேட்கவில்லை.

இப்போது அவள் மேசையைச் சுற்றி வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்குறேன். 'பந்து எங்க இருக்கு'ன்னு சபையக் கேக்குறீங்களே, உங்களுக்கு அது நெஜமாவே தெரிஞ்சுக்கணுமா?"

"எனக்குத்தான் தெரியுமே."

"அதான் கண்ணு நிக்க மாட்டேங்குது. பதில் தெரிஞ்ச கேள்வியக் கேட்டா கண்ணு அலையும். தெரியாத மாதிரி கேளுங்க. பதில் வந்தாத்தான் ஆச்சுன்னு கேளுங்க. கண்ணு அங்கயே நிக்கும். கை அது பாட்டுக்கு வேலையப் பாத்துக்கும்."

"இத எங்கம்மா கத்துக்கிட்ட?"

"நான் சொந்தமா மேடை ஏறுறதுக்கு முன்னாடி ஏழு வருஷம் இன்னொருத்தரோட பெட்டிக்குள்ள மடிஞ்சு கெடந்தேன் மாமா. உள்ள இருக்கிறவளுக்கு ஒண்ணும் தெரியாது. குரல் மட்டும் கேக்கும். எது சும்மா கேக்குற கேள்வி, எது உண்மையிலேயே கேக்குறதுன்னு குரல்லயே புரிஞ்சுடும். சும்மா கேட்ட அன்னைக்கெல்லாம் கைத்தட்டலும் சும்மாதான் இருக்கும்."

லேப் சார் கிண்ணத்தை மறுபடி எடுத்தார். மகன் கார் சாவியைச் சுழற்றியபடி உள்ளே வந்தான்.

"இன்னும் முடியலையா? அப்பா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம். தெரிஞ்சவங்க பத்துப் பேராவது வருவாங்க. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்னுதானேடா போறேன்."

மகன் மனைவியைப் பார்த்தான். "எல்லாம் நீ குடுக்கிற இடம்."

"அஞ்சு நிமிஷம்தாங்க குடுத்திருக்கேன்," என்றாள் அவள். "அதுவும் ஏழாவது ஐட்டமா."

மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, அம்மாவ அக்கா வீட்லேர்ந்து கூட்டிட்டு நேரா வந்துடறேன். அதே மூணாவது வரிசை சீட்டு," என்று திரும்பினான்.

"நில்லு," என்றார் லேப் சார். "நான் மேடை ஏறுறது அவளுக்குத் தெரியுமா?"

மகன் கார் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினான். மருமகள்தான் கடைசியில் சொன்னாள். "தெரியாது மாமா. தெரிஞ்சா வரமாட்டாங்களோன்னு..."

"அப்ப சொல்லிடு."

"திடீர்னு பாத்தாத்தானே மாமா நல்லா இருக்கும்?"

"எலுமிச்சம்பழம் திடீர்னு வரலாம்மா. நான் வரக் கூடாது. இருட்டுல உக்கார வெச்சு என் மூஞ்சியக் காட்டுனா, எழுந்து போகவும் முடியாம அவ என்ன செய்வா? தெரிஞ்சு வரணும். இல்லேன்னா வரவே வேணாம்."

பேசி முடித்ததும் அவருக்கே பயமாக இருந்தது. எட்டு மாதமாக ஏங்கிய ஒன்றைத் தானே கதவைத் திறந்து வெளியே விட்டது போல இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

பதினொன்றரைக்கு மகன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"சொல்லிட்டேம்பா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணுமே சொல்லல. துணி மடிச்சிட்டிருந்தாங்க. கடைசித் துணி வரைக்கும் மடிச்சு வெச்சுட்டு, உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டாங்க."

"கோவமா?"

"அம்மா மொகத்தப் பாத்து எனக்கு என்னைக்குப்பா புரிஞ்சுது? உங்க பிள்ளைதானே நானும்."

அரங்கத்தின் பின்பக்கம் மதியமே பரபரப்பாக இருந்தது. புதுப் பெயின்ட்டும் பழைய திரைத்துணியும் கலந்த வாசனை. மருமகள் இப்போது வீட்டில் பார்த்த பெண்ணே இல்லை. ஒவ்வொரு மேசையாகப் போய், அதன்மேல் இருந்த ஒவ்வொரு பொருளையும் விரலால் தொட்டு, வாய்க்குள் எண்ணினாள். விளக்குக்காரரிடம் ஒரே வார்த்தையில் பேசினாள். கயிறு ஒன்று அரை அங்குலம் தள்ளி இருந்ததற்காக ஒரு பெட்டியை முழுதாகப் பிரித்து மறுபடி பூட்ட வைத்தாள். லேப் சார் ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருடமாக இவள் வீட்டில் காபி குடிக்கிறோம், இவள் என்ன வேலை செய்கிறாள் என்று இன்றுதான் தெரிகிறதே என்று வெட்கமாக இருந்தது.

மகனுடைய பழைய கறுப்புக் கோட்டை அவர் அளவுக்குக் குறைத்துத் தைத்திருந்தாள். இடது பையின் வாயில் மெல்லிய கம்பி. பை எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கும், கை தேட வேண்டியதில்லை.

மூன்று மணிக்கு இசை தொடங்கியது. அவர் பக்கத் திரையை விரல் அகலம் விலக்கிப் பார்த்தார். அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையின் ஓர நாற்காலி காலி. கதவருகே மகன் தனியாக நின்றான். இவர் இருக்கிற பக்கம் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான். இல்லை.

முதல் ஐட்டம் போனது. இரண்டாவது, மூன்றாவது. கைத்தட்டல் ஒவ்வொரு முறை எழும்போதும் அவர் திரையை விலக்கினார். நாற்காலி அப்படியே இருந்தது. யாரோ ஒருவர் அதில் குடையை வேறு சாய்த்து வைத்திருந்தார்.

ஆறாவது ஐட்டம் முடிந்ததும், வியர்வையைத் துடைத்தபடி மருமகள் பக்கத் திரைக்குள் வந்தாள்.

"மாமா, வேணாம்னா விட்டுடலாம். நேரா எட்டாவதுக்குப் போயிடறேன். யாருக்கும் தெரியாது."

"தப்பாப் போனா உன் பேரு கெடும்னு பயப்படுறியா?"

"என் மேடையில நடக்கிற தப்பு என் தப்பு. அது என் கவலை. நான் உங்களுக்காகச் சொல்றேன்."

அவர் கோட்டுப் பைக்குள் பழத்தைத் தொட்டுப் பார்த்தார். "அவளப் பாத்துக் கேக்கணும்னுதாம்மா நாலு மாசம் கத்துக்கிட்டேன். அவ இல்லேன்னா அந்த நாற்காலியப் பாத்துக் கேட்டுட்டு வந்துடறேன். கேக்காமப் போக முடியாது."

மருமகள் அவர் கோட்டின் காலரைச் சரி செய்துவிட்டு வெளிச்சத்துக்குள் போனாள்.

"அடுத்து வர்றவர் எங்க குடும்பத்துல மூத்தவர்," என்று சபையிடம் சொன்னாள். "தொழில் ரத்தம் எடுக்கிறது. ஆனா இன்னைக்கு ஊசி கொண்டு வரல. பயப்படாம இருங்க."

சிரிப்பு எழுந்தது. லேப் சார் நடந்து போய் மேசைக்குப் பின்னால் நின்றார். விரல்கள் பழகிய வேலையைச் செய்தன. பந்து முதல் கிண்ணத்திலிருந்து மறைந்து மூன்றாவதில் வந்தது. மூன்றாவதிலிருந்து நடுவுக்கு வந்தது. எங்கோ ஒரு குழந்தை "ஹை!" என்றது. அவர் இதுவரை குனிந்தேதான் இருந்தார். ஆனால் வித்தை கேள்வி கேட்கிற இடத்துக்கு வந்துவிட்டது. இனி நிமிர வேண்டும்.

நிமிர்ந்தார். மூன்றாவது வரிசை, ஓரம்.

குடையைக் காணவில்லை. அவள் உட்கார்ந்திருந்தாள்.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், எந்த நிமிடமும் எழுந்து போகத் தயாராக இருப்பவள் போல. தலையில் நரை கூடியிருந்தது. முகத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி. மேடை விளக்கு அதில் இரண்டு புள்ளியாக மின்னியது. அந்தக் கண்ணாடியை அவர் பார்த்ததே இல்லை.

நூறு முறை மனப்பாடம் செய்த கேள்வி தொண்டையில் இல்லை. வேறு ஒன்று வந்தது.

"கண்ணாடி எப்பலேர்ந்து போட்டிருக்க?"

நாற்காலிகள் கிரீச்சிட, முன்னூறு பேரும் அவர் பார்க்கிற திசையில் திரும்பினார்கள். அத்தனை முகமும் அவளைப் பார்த்தன. அவள் அசையவில்லை. அவரை மட்டும் பார்த்தாள்.

"ஆறு வருஷமா," என்றாள்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. நாற்காலிக் கையைத் தட்டிச் சிரித்தார்கள். எழுதிவைத்த வசனம், என்ன அழகாக நடிக்கிறார்கள் என்று நினைத்தார்கள். லேப் சார் சிரிக்கவில்லை. அவர் பார்வை அவள் முகத்தை விட்டு நகரவில்லை. ஆறு வருடம் என்றால் பேத்தி பிறப்பதற்கு முன்பிருந்தே. தான் இன்னும் லேப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்தே. சிரிப்பு அடங்கும் வரை அப்படியே நின்றவர், கையை நீட்டி நடுக் கிண்ணத்தைத் தூக்கினார்.

மேசைமேல் எலுமிச்சம்பழம் மஞ்சளாக உட்கார்ந்திருந்தது.

அது எப்போது உள்ளே போனது என்று அவருக்கே தெரியவில்லை. கைத்தட்டல் கூரையை இடித்தது. பக்கத் திரையில் மருமகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் அந்தக் கைத்தட்டலுக்குள்ளே, சிரிப்புகளுக்குள்ளே, அந்த ஒரு சிரிப்பைத் தேடினார். விட்டு விட்டு வருகிற சிரிப்பு. இருந்ததா இல்லையா என்று பிரித்தெடுக்க முடியவில்லை.

நிகழ்ச்சி முடிந்து ஐந்து மணிக்கு அவள் தானாகவே ஒப்பனை அறைக்கு வந்தாள். பின்னாலேயே மகன். மருமகள் மூலையில் கிண்ணங்களைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். லேப் சார் எழுந்து நின்றார். எட்டு மாதமாக ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்துடு.

அவள் முந்திக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தபடி, "இது தூரத்துப் பார்வைக்கு," என்றாள். "கிட்டத்துல நல்லாவே தெரியும். பஸ்ல போனா, சினிமாவுக்குப் போனா, இங்க வந்தா போட்டுக்குவேன். நாம ரெண்டு பேரும் சேந்து வெளிய போயி ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மன்னிக்கிறாளா, குத்துகிறாளா? அவருக்குப் புரியவில்லை.

"எல்லாரும் சிரிச்சாங்க," என்றார். "நீ சிரிச்சியா?"

"இல்ல. மொதல்ல கோவம் வந்துச்சு. எழுதி வெச்சுக் கேக்குறீங்கன்னு நெனச்சேன். எழுந்து போகத்தான் இருந்தேன். அப்புறம் உங்க கண்ணப் பாத்தேன். உண்மையிலேயே தெரியாமத்தான் கேட்டீங்க."

"ஆமா."

"அதான் பதில் சொன்னேன்."

மகன் தொண்டையைச் செருமினான். "அம்மா, கார் வெளிய நிக்குது. அப்பா வீட்டுப் பக்கமாத்தான் போறோம்..."

"இருடா," என்றாள் அவள். கணவரைப் பார்த்து, "திங்கக்கிழமை நான் மக வீட்டுலேர்ந்து கெளம்புறேன்," என்றாள்.

வீட்டுக்கு வருகிறாள் என்று நினைத்து அவர் வாயைத் திறந்தார்.

"வேலை கெடச்சிருக்கு," என்று அவள் தொடர்ந்தாள். "வேலைக்குப் போற பொண்ணுங்க தங்குற விடுதி. பஸ்ல ரெண்டு மணி நேரம். நாப்பது பொண்ணுங்க, நான்தான் வார்டன். எனக்குத் தனி ரூம்."

"வேலையா? இந்த வயசுலயா?" மகன் குரல் உயர்ந்தது. "உங்கள யாரும்மா எடுத்தாங்க?"

"உன் பொண்டாட்டிதான் சிபாரிசுக் கடுதாசி குடுத்தா."

மகன் திரும்பினான். மருமகள் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். பூட்டு மாட்ட அவளுக்கு வழக்கத்தைவிட நேரம் பிடித்தது.

"எப்ப குடுத்த?" என்றான் மகன்.

"வீட்ல போய்ப் பேசலாங்க."

"எப்ப குடுத்தன்னு கேட்டேன்."

"ரெண்டு மாசம் முன்னாடி."

நாலு மாதமாக, ஒவ்வொரு காலையும் தனக்குக் கிண்ணமும் பந்தும் கற்றுக்கொடுத்த அதே கை, மனைவிக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறது. லேப் சார் மருமகளைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அவருக்கு அவர் கேட்டதைக் கொடுத்தாள். மனைவிக்கு அவள் கேட்டதை. தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தை அவர் மெல்ல விழுங்கினார். அது இறங்க நேரமாயிற்று.

"புடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

அவள் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"புடிச்சிருக்கு," என்றாள். "ஜன்னலத் தொறந்தா விளையாட்டு மைதானம். சாயந்தரமானா அந்தப் பொண்ணுங்க பந்தடிக்கிற சத்தம். போய்ப் பாத்துட்டு வந்ததுலேர்ந்து சின்னப் பிள்ளை மாதிரி நாள எண்ணிட்டிருக்கேன்."

இத்தனை வார்த்தைகள் அவள் தொடர்ந்து பேசி அவர் கேட்டதில்லை. இல்லை, அவள் பேசியிருப்பாள். அவர்தான் கேட்டதில்லை. போகாதே என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பேசு என்று சொல்லிவிட அதைவிட ஆசையாக இருந்தது.

"நான் வந்து பாக்கலாமா?"

அவள் வாசல்வரை போய்விட்டாள். கதவின் கைப்பிடியில் கை இருந்தது.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் வெளியாளுங்க வரலாம்," என்றாள், இப்போதே வார்டன் ஆகிவிட்ட குரலில். "வாசல்ல ஒரு நோட்டு இருக்கும். பேர் எழுதணும். யாரப் பாக்க வந்தீங்கன்னு எழுதணும். அவங்களுக்கு நீங்க என்ன உறவுன்னும் எழுதணும்."

"சரி."

"அந்த நோட்டப் படிச்சுப் பாத்து உள்ள விடுறது நான்தான்." ஒரு கணம் நின்றாள். "உறவுங்கிற எடத்துல என்ன எழுதப் போறீங்கன்னு நல்லா யோசிச்சுட்டு வாங்க."

கதவு சாத்திக்கொண்டது. அன்று சனிக்கிழமை. அவளுடைய முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.